டர்பன் சுற்றுவட்டார அணைகளில் குளிர்காலப் பாஸ் மீன்பிடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் வாழும் நம்மவர் பலருக்கும் தூண்டில் என்றவுடன் நினைவுக்கு வருவது கடல்தான். ஜூன், ஜூலை மாதங்களில் மத்தி மீன் கூட்டம் தென்கரையை நெருங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு ஓடுவது நமக்குப் பழகிப்போன காட்சி. அதே மாதங்களில், கரையில் ஆளரவம் குறைந்து நீர் தெளிந்திருக்கும் உள்நாட்டு அணைகளில், ஆண்டின் மிகப் பெரிய பாஸ் (நன்னீர் வேட்டைமீன்) மீன்கள் அகப்படக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெரூலம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து புதிதாக அணைமீன் பிடிக்க வருவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் பாஸ் மீன் இரை எடுக்குமா?

எடுக்கும். மீனின் உடல் வெப்பம் தன்னைச் சூழ்ந்த நீரின் வெப்பத்தையே பின்பற்றுவதால், நீர் குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகிறது. கோடையில் விரைவாகச் செரித்துவிடும் ஓர் இரை, குளிரில் நாள்கணக்கில் வயிற்றில் தங்குகிறது. ஆகவே அது குறைவாக உண்கிறது. உண்பதற்காக நெடுந்தூரம் துரத்தவும் மறுக்கிறது. ஆனால் கண்ணெதிரே, எளிதாக எட்டும் தூரத்தில், அசையாமல் நிற்கும் இரையை அது விடுவதில்லை. கோடையில் விரைந்து சுருட்டிப் பழகிய கைகள் குளிர்காலத்தில் வெறுங்கூடையுடன் திரும்புவதற்கு இதுவே காரணம். இனப்பெருக்கத்திற்கு முன் முட்டைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் பெரிய பெண் மீன்களுக்கு உணவு கட்டாயம் தேவைப்படுவதால், ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை எண்ணிக்கை குறைந்தாலும் எடை கூடிய மீன்கள் கிடைக்கின்றன.

பெருவாய் பாஸ் இந்நாட்டுக்கு 1928இல் கொண்டுவரப்பட்ட வட அமெரிக்க மீன். அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் நேட்டால் பகுதியில் ஃபுளோரிடா இனமும் விடப்பட்டது. வெப்பநிலத்து மீனாகிய ஃபுளோரிடா இனம் மிகப் பெரிதாக வளரும். ஆனால் திடீர்க் குளிரில் மற்றதைவிட எளிதாக முடங்கிவிடும். நம் அணைகள் பலவற்றில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன.

அமெரிக்கக் காணொளிகளில் சொல்லும் குளிர்கால முறைகளை அப்படியே பின்பற்றலாமா?

மூன்று திருத்தங்களோடு பின்பற்றலாம்.

முதலாவது மாதம். அவர்களுடைய பிப்ரவரி நமக்கு ஆகஸ்ட். தாய்நாட்டில் ஆடி மாதம் என்றால் காற்றடிகாலம். இங்கே அதே ஆடியில்தான் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி வார்க்கும்போது கைகளைக் கஞ்சிக் கலயத்தின் சூட்டில் வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறோம். ஆனியும் ஆடியும் நமக்குக் குளிர்காலம் என்பதை நம் நாட்காட்டியே நினைவூட்டும்.

இரண்டாவது திசை. பூமியின் தென்பாதியில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் தாழ்ந்து செல்கிறது. எனவே வடக்கு நோக்கிச் சரியும் கரையே, அதாவது அணையின் தென்கரையே, நாள் முழுவதும் வெயில் பெறும். அமெரிக்கர் தம் நாட்டுக்கு ஏற்ப வடகரைக்குப் போகச் சொல்வதைக் கேட்டு இங்கே வடகரைக்குப் போனவர்கள் நிழலில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது. பனிக்கட்டி உறையும் ஏரிகளில், 4 பாகை செல்சியஸ் நீரே அதிக அடர்த்தி உடையது என்பதால் அடிநீர் மேல்நீரைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் மீன் வெப்பத்தைத் தேடி அடிக்குப் போகும் என்பார்கள். நம் அணைகளில் நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து இறங்கி, முழு அணையும் கலந்து, மேலிருந்து அடிவரை ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. கோடையில் பிராணவாயு இல்லாமல் கிடந்த ஆழமும் அப்போது மீன் வாழத் தகுந்த இடமாகிறது. ஆகவே இங்கே பாஸ் ஆழத்துக்குப் போவது, நிலையான நீருக்காகவும் இரைமீன்கள் அங்கே இறங்கியதற்காகவும். நல்ல வெயில் அடித்த பிற்பகலில் அணையிலேயே வெதுவெதுப்பான நீர், கரையோரப் பாறைகளை ஒட்டிய ஆழமற்ற நீராகவே இருக்கக்கூடும்.

எந்த அணைக்குப் போவது நல்லது?

உம்கேனி ஆறு மிட்லண்ட்ஸ் மேட்டு நிலத்தில் தொடங்கி டர்பனில் கடலில் சேரும் வழியில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு அணைகள் வரிசையாக இருக்கின்றன. ஹோவிக் ஊருக்கு அருகில் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மிட்மார்தான் இவற்றில் மிகவும் குளிர்ந்தது. இனாண்டாவோ கடலுக்கு அருகில், தாழ்ந்த பள்ளத்தாக்கில் இருப்பதால் சில பாகை வெதுவெதுப்பானது. எனவே முதன்முதலாகக் குளிர்காலத்தில் முயல்பவர் இனாண்டாவில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வெரூலத்தார்க்கு உம்த்லோட்டி ஆற்றிலுள்ள ஹேசல்மியர் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆல்பர்ட் ஃபால்ஸ் அகலமும் ஆழமற்ற விரிகுடாக்களும் கொண்டது. படகு வைத்திருப்பவர்களுக்கு அது உகந்தது. புறப்படுவதற்கு முன் நுழைவு நேரத்தையும் அனுமதிச்சீட்டு விவரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் மீன் அணையின் எந்தப் பகுதியில் தங்கும்?

ஆழமும் ஆழமின்மையும் ஒன்றையொன்று தொடும் இடத்தில். கரையிலிருந்து நீருக்குள் நீண்டு செல்லும் பாறை மூக்கு, மூழ்கிப்போன பழைய ஆற்றுப்பாதை கரையை நெருங்கி வளையும் திருப்பம், நீர்மூழ்கிய சாலை, அணைச்சுவரின் கற்குவியல் ஆகிய இடங்களில் மீன் சில மீட்டர் நீந்தியே 8 மீட்டர் ஆழத்திலிருந்து 2 மீட்டர் ஆழத்துக்கு வரமுடியும். குளிரில் சோம்பிய மீன் இத்தகைய செங்குத்துச் சரிவுகளையே விரும்புகிறது. வெயில் ஏறினால் மேலே வருகிறது, குளிர்காற்று வீசினால் கீழே இறங்குகிறது. நீண்டு மெதுவாகச் சரியும் சேற்றுக் கரைகளைக் குளிர்காலத்தில் நான் தொடுவதே இல்லை.

இரைமீனையும் கவனியுங்கள். நம் அணைகளில் பாஸின் முக்கிய உணவு நாம் குர்ப்பர் என்று அழைக்கும் திலாப்பியா. அது பாஸைவிடக் குளிருக்கு அஞ்சும் மீன். நீர் குளிர்ந்ததும் ஆழத்தில் கூட்டமாக ஒடுங்கிவிடும். ஒலியலையால் நீரடியைக் காட்டும் எக்கோ சவுண்டர் திரையில் அடியை ஒட்டி மேகம் போன்ற கூட்டம் தெரிந்தால் அதன் ஓரத்தில் பாஸ் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. மற்றோர் உணவு ஆற்று நண்டு. நம் பாறைக் கரைகளில் பிடித்த பாஸை அறுத்தால் வயிற்றில் நண்டு ஓடு கிடைப்பது வழக்கம். குளிரில் மெதுவாக நகரும் நண்டு, மெதுவாகவே நகர விரும்பும் மீனுக்கு ஏற்ற உணவு அல்லவா?

எத்தனை தூண்டில்கோல் வேண்டும், எத்தகையவை?

இரண்டு போதும். படகு நிறையக் கோல்களை அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் மாற்றி மாற்றி வீசுபவர்கள் குளிர்காலத்தில் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன்; கருவி மாற்றும் நேரமெல்லாம் இரை நீருக்கு வெளியே இருக்கிறது.

முதலாவது, ஏறக்குறைய 7 அடி நீளமுள்ள, நடுத்தரத்திற்குச் சற்று இலேசான ஸ்பின்னிங் கோலும் (ரீல் கோலுக்கு அடியில் தொங்கும் வகை) அதற்கு 2500 அளவு ரீலும். நுனி மென்மையாகவும் நடுப்பகுதி உறுதியாகவும் இருக்க வேண்டும். குளிர்கால வேலையில் முக்கால் பங்கு இந்தக் கோலுக்குத்தான். இரண்டாவது, 7 அடி நீளமுள்ள நடுத்தர வலுவுடைய காஸ்டிங் கோலும் அதன் மேலே அமரும் பெய்ட்காஸ்டர் ரீலும்; கனமான ஜிக் (தலையில் ஈயம் வார்த்த முள்), பிளேடு (உலோகத் தகடு இரை) போன்றவற்றுக்கு இது தேவை. பெய்ட்காஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பற்சக்கர விகிதத்தை, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை எத்தனை முறை சுற்றும் என்பதைப் பாருங்கள். 7.1:1 அல்லது அதற்கு மேற்பட்டது கைப்பிடியை ஒருமுறை சுற்றினாலே நிறைய நரம்பை இழுத்துவிடும்; கோடைக்கு அது நல்லது. குளிருக்கு 5.4:1 அல்லது 6.3:1 போன்ற மெதுவான ரீல், அவசரப்படும் கையைத் தானே கட்டுப்படுத்தும்.

பணம் குறைவாக இருந்தால் எதற்கு முன்னுரிமை என்று கேட்பவர்களுக்கு என் விடை மாறாதது: முதலில் கோல், அடுத்து நரம்பு, பிறகு முள், கடைசியாக ரீல். மீனின் மெல்லிய தொடுகையைக் கைக்குக் கொண்டுவருவது கோல். ரீல் நரம்பைச் சேமித்து வைக்கும் பெட்டிதான். போலி இரைகளால் நிறைந்த பெட்டியோ இந்தப் பட்டியலிலேயே இல்லை. என் தந்தையார் மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு பிடித்தவர். அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் கழியின் நுனி எப்போது வழக்கத்துக்கு மாறாக நடுங்குகிறது என்பதுதான்.

எந்த நரம்பு சிறந்தது?

நம் பகுதியில் மழை கோடையில் பெய்கிறது, குளிர்காலம் வறண்டது. ஆறுகள் சேறு கொண்டுவராததால் அணைநீர் மே மாதத்திலிருந்தே தெளியத் தொடங்கி, ஜூலையில் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. தெளிந்த நீரில் மந்தமான மீன் இரையை நெடுநேரம் உற்றுப் பார்க்கும். ஆகவே ஃபுளோரோகார்பன் நரம்பையே பரிந்துரைக்கிறேன். அதன் ஒளிவிலகல் எண் சாதாரண நைலானைவிட நீருக்கு நெருங்கியது. எனவே நீருக்குள் குறைவாகவே தெரியும். அது நீரில் மூழ்கும், குறைவாகவே நீளும்; ஆழத்தில் நடக்கும் மெல்லிய கடியும் கைக்கு எட்டும்.

ஸ்பின்னிங் ரீலில் 10 முதல் 15 பவுண்டு பின்னல் நரம்பை நிரப்பி, அதன் முனையில் 6 அல்லது 8 பவுண்டு ஃபுளோரோகார்பனை இரண்டு மீட்டர் நீளத்துக்கு முடிந்துகொள்வது நான் கடைப்பிடிக்கும் முறை. பின்னல் சிறிதும் நீளாது. ஃபுளோரோகார்பன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டின் நன்மையும் சேர்ந்து கிடைக்கும். பெய்ட்காஸ்டரில் நேரடியாக 12 பவுண்டு ஃபுளோரோகார்பன். சாதாரண தங்கூஸ் நரம்புதான் வீட்டில் இருக்கிறது என்றாலும் மீன் பிடிக்கலாம். ஆனால் அது ரப்பர்போல் நீள்வதால் ஆழத்தில் கடி தெரியாமல் போகும்.

குளிரில் எல்லா ஒற்றை இழை நரம்புகளும் விறைத்து, ரீலிலிருந்து சுருள்சுருளாக வெளிவரும். முதல் நாள் இரவே ரீலின் உருளையை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவிட்டால் சுருள் தளரும். முடிச்சை இறுக்குவதற்கு முன் உமிழ்நீரால் நனைக்க மறவாதீர்கள். காய்ந்த ஃபுளோரோகார்பன் உராய்வுச் சூட்டில் வலுவிழந்து, பெரிய மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே அறும்.

போலி இரைகளில் எவை குளிர்காலத்துக்கு ஏற்றவை?

நான்கு வகை போதும். மெல்லிய ரப்பர் புழுவை டிராப்ஷாட் முறையில் (அடுத்த கேள்வியில் விளக்கியிருக்கிறேன்) கட்டியது முதலிடம் பெறும். அடுத்தது 10 அல்லது 14 கிராம் எடையுள்ள பழுப்பு நிற ஜிக். பின்னால் சிறு ரப்பர் நண்டு கோத்து, பாறைச் சரிவில் ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக நகர்த்த வேண்டும். அமெரிக்கர் இதைக் சிங்கி இறால்போன்ற நன்னீர்க் கிரேஃபிஷுக்குப் போலியாகச் செய்கிறார்கள். நமக்கு அதுவே ஆற்று நண்டு. மூன்றாவது, ஆழத்தில் கூட்டமாக நிற்கும் மீனுக்கு உலோகப் பிளேடு: அடிவரை இறக்கி, ஒரு சாண் உயர்த்தி, மீண்டும் இறக்குவதுதான் முறை, பெரும்பாலான கடிகள் இறங்கும்போதே நிகழும்.

நான்காவது, நீருக்குள் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும், சிறு மீன் வடிவ ஜெர்க்பெய்ட். இதை வெயில் பிற்பகலில் பாறைக் கரைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறு வெட்டு வெட்டி, பத்து அல்லது பதினைந்து நொடி அசைக்காமல் விடுங்கள். பத்து நொடி என்பது நம் பொறுமைக்கு மிக நீண்டது என்பதால் வாய்விட்டு எண்ணுவது நல்லது. ஒரு நுணுக்கம்: குளிர்ந்த நீர் அடர்த்தி மிகுந்தது, கோடையில் அசையாமல் நின்ற அதே இரை குளிரில் மெல்ல மேலே மிதக்கும். முன் முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைச் சில சுற்றுச் சுற்றி அதை நிறுத்தலாம்.

நிறத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தெளிந்த நீருக்குப் பச்சை, பழுப்பு, சாம்பல். ரப்பர் புழுக்கள் குளிரில் இறுகிவிடுவதால் அன்று பயன்படுத்தப்போகும் பொட்டலத்தைச் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் அவை இளகி, நீருக்குள் உயிருள்ளவைபோல் அசையும்.

டிராப்ஷாட்டை எப்படிக் கட்டுவது?

இதில் ஈயக்குண்டு அடியில் இருக்கும். முள் அதற்கு மேலே நிற்கும். 1/0 அளவு அல்லது அதற்குச் சற்றுச் சிறிய முள்ளைப் பாலமார் முடிச்சால் (நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் வளையத்தில் நுழைத்து, தளர்முடிச்சிட்டு, அந்தக் கண்ணிக்குள் முள்ளைப் புகுத்தி இறுக்குவது) கட்டுங்கள். ஆனால் முடிச்சுக்குப் பின் மீதமிருக்கும் நரம்பை வெட்டாமல் அரை மீட்டர் விடுங்கள். அந்த முனையை முள்ளின் வளையத்துக்குள் மேலிருந்து கீழாக மீண்டும் ஒருமுறை நுழைத்தால் முள்ளின் கூர்மை மேல்நோக்கி, நரம்புக்குச் செங்குத்தாக நிற்கும். முள்ளுக்குக் கீழே 30 முதல் 45 சென்டிமீட்டரில் 7 கிராம் ஈயத்தைக் கட்டி, ரப்பர் புழுவின் மூக்கை மட்டும் முள்ளில் கோத்துவிடுங்கள். ஈயம் அடியில் ஊன்றி நிற்க, புழு மீனின் கண்மட்டத்தில் தொங்கும்.

புதியவர்கள் செய்யும் தவறு, அதை ஆட்டிக்கொண்டே இருப்பது. நீரின் அசைவும் உங்கள் கையின் இயல்பான நடுக்கமும் புழுவை அசைக்கப் போதுமானவை. நரம்பைத் தளர்த்தி விட்டு, அரை நிமிடம் காத்து, ஈயத்தை அடியிலிருந்து தூக்காமல் ஒருமுறை நடுக்குங்கள். பிறகு மறுபடி காத்திருங்கள்.

மீன் கடித்ததே தெரியவில்லை. என்ன செய்வது?

குளிர்காலக் கடி இழுப்பாக வருவதில்லை. மீன் இரையை வாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு இருந்த இடத்திலேயே நிற்கும். உங்களுக்குத் தெரிவது, நரம்பு திடீரென்று கனப்பதோ, ஈரத்துணி மாட்டியதுபோன்ற ஒரு மந்தமோ, அல்லது இருந்த ஈயத்தின் எடையே காணாமல் போவதோதான். எது வழக்கத்துக்கு மாறாகப் பட்டாலும் முதலில் தளர்ந்த நரம்பைச் சுருட்டி இறுக்குங்கள். கனம் தொடர்ந்தால் கோலைப் பக்கவாட்டில் சீராக இழுத்துப் பிடியுங்கள். மெல்லிய நரம்பையும் மெல்லிய முள்ளையும் வைத்துக்கொண்டு வெடுக்கென்று தலைக்கு மேல் இழுத்தால் நரம்பு அறும், அல்லது முள் வாயிலிருந்து கழன்றுவிடும். ஆட்காட்டி விரலின் நுனி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். கையுறை அணிவதானால் விரல்நுனி வெட்டியதை அணியுங்கள்.

எந்த நேரம் சிறந்தது? பெர்க் காற்று வீசும் நாளில் போகலாமா?

கோடையில் போல விடியற்காலையில் எழுந்து நடுங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நீர் வெதுவெதுப்படையும் நேரமே நல்ல நேரம்.

மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும்போது சூடேறி வரும் பெர்க் காற்று, குளிர்காலத்தின் நடுவே ஓரிரு நாள் கோடையைக் கொண்டுவரும். அதைத் தொடர்ந்து தென்மேற்கிலிருந்து குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்முனை) வந்து வெப்பநிலையைச் சட்டென்று இறக்குவது வழக்கம். எனவே பெர்க் காற்று வீசும் அந்த ஓரிரு நாளே பொன்னான வாய்ப்பு. மீன்கள் மேலேறி இரை தேடும். ஆனால் அகன்ற அணைகளில் காற்றின் வேகம் சிறு படகுக்கும் கயாக்குக்கும் ஆபத்தானது. காற்று மறைவான விரிகுடாவில் கரையிலிருந்து பிடியுங்கள். குளிர்முகம் கடந்த மறுநாள், வானம் மேகமின்றி நீலமாக, பார்க்க அழகாக இருக்கும். மீனோ பாறையோடு ஒட்டிக்கொண்டு வாயே திறக்காது. அப்படியொரு நாளில் முதன்முதலாகப் போய்க் குளிர்காலமே வீண் என்று முடிவு கட்டியவர்கள் பலர். இரண்டு, மூன்று நாள் நிலையான வெயில் அடித்த பிறகு அவர்கள் மீண்டும் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படகு இல்லாதவர் என்ன செய்யலாம்?

செங்குத்தான பாறைக் கரையைத் தேடுங்கள். அங்கே பத்து மீட்டர் வீசினாலே ஆழம் கிடைக்கும். நேராக வெளியே வீசாமல் கரைக்கு இணையாக வீசினால் இரை நெடுநேரம் பயனுள்ள ஆழத்தில் இருக்கும்.

பிடித்த மீனை விட்டுவிட வேண்டுமா, உண்ணலாமா?

உண்ணலாம், வெண்மையான, நல்ல சதை. புளிக்குழம்புக்கு அரை கிலோ, முக்கால் கிலோ மீன்கள் போதும். முட்டை சுமக்கும் பெரிய மீன்களை நான் விட்டுவிடுகிறேன். பிறரையும் அவ்வாறே வேண்டுகிறேன். விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் மறு கையைக் கொடுங்கள். 10 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால் அது மறுபடி கீழே இறங்க முடியாமல் மிதந்து சாகக்கூடும். விடுவதற்காகப் பிடிப்பவர் அந்த ஆழத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. அனுமதியின்றி உயிருள்ள பாஸை ஓர் அணையிலிருந்து வேறொரு குளத்துக்கோ ஆற்றுக்கோ கொண்டு சென்று விடுவது 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் விதிகளுக்கு மாறானது, காரணமும் நியாயமானது. மேற்குக் கேப்பின் செடர்பர்க் மலையிலுள்ள ரோண்டேகாட் ஆற்றில் சிறுவாய் பாஸ் புகுந்து, உலகில் வேறெங்கும் இல்லாத உள்நாட்டுச் சிறுமீன்களை ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்தே துடைத்துவிட்டது. 2012இலும் 2013இலும் மருந்திட்டுப் பாஸை அகற்றிய பின்னரே உள்நாட்டு மீன்கள் அங்கே திரும்பின. பாஸை நேசிக்கும் நாம்தான் அது இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டாமல் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

குளிர்காலப் பிடிப்பை எப்போது நிறுத்துவது?

நீர் 16, 17 பாகையைத் தாண்டியதும் ஆண் மீன்கள் ஆழமற்ற கரைகளில் வாலால் சரளையைத் துடைத்துக் கூடு அமைக்கத் தொடங்கும். இனாண்டாவில் இது ஆகஸ்டிலேயே தொடங்கலாம். மிட்மார் போன்ற மேட்டு அணைகளில் செப்டம்பரும் அக்டோபரும் ஆகும். முட்டையிட்ட பின் கூட்டைக் காப்பது ஆண் மீன்; அதைத் தூண்டிலால் அகற்றினால், சில நிமிடங்களில் குர்ப்பர் கூட்டம் முட்டைகளைத் தின்றுவிடும். அந்நாள்களில் பெரும்பகுதி நமக்குப் புரட்டாசியாக அமைந்துவிடுகிறது. மீனும் இறைச்சியும் விலக்கி விரதம் இருக்கும் வீடுகளில் அந்த மாதம் தூண்டில்கோல் சுவரில் சாய்ந்தே இருக்கும். விரதம் இல்லாதவர்களும் அந்த நான்கைந்து வாரம் கூடுள்ள கரைகளை விட்டு விலகியிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோல்களைத் துடைத்து, ரீலுக்கு எண்ணெயிட்டு, நரம்பை மாற்றி வைக்க அதுவே ஏற்ற காலம்.